மூலை மடித்த அட்டை

வத்தலக்குண்டு வந்தால் என்னிடம் சொல்லாதீர்கள் அக்கா. மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வண்டிக்காரர் அங்கே நிறுத்துவார். நிறுத்தட்டும். நான் பாட்டுக்கு இந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொள்கிறேன். அந்த ஊரில் எனக்குக் கூடப்பிறந்தவள் ஒருத்தி இருக்கிறாள். இருந்துவிட்டுப் போகட்டும்.

கொஞ்சம் தள்ளி உட்காருங்கள், கூடை முதுகில் குத்தும். பேரிக்காய்தான், மலையிலிருந்து கொண்டுபோகிறேன். ஒன்றை எடுத்துக் கடியுங்கள், கூச்சப்படாதீர்கள். என் பேர் எப்சிபாள். வாயில் நுழையாவிட்டால் எப்சி என்று கூப்பிடுங்கள், எல்லோரும் அப்படித்தான். இவன் தானியேல். தானி என்று சொல்லிப் பாருங்கள்... பார்த்தீர்களா, சிரிப்பை! யாரைக் கண்டாலும் இதே சிரிப்பு. எட்டு மாதம் ஆகிறது. இந்த எட்டு மாதத்தில் திண்டுக்கல் மிஷன் வளவில் இவனைத் தூக்காத கை கிடையாது. வத்தலக்குண்டில் இருக்கிறவள்தான் இன்னும் இவன் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் பேர் லேயாள். தாயில்லாமல் வளர்ந்தவர்கள் நாங்கள். அவள்தான் எனக்குத் தலை வாரி, சோறு ஊட்டி... அதை விடுங்கள்.

மலையில் எனக்கு ஆயா வேலை. அமெரிக்கா துரைசாணி ஒருவரின் பிள்ளையைப் பார்த்துக்கொண்டேன், இந்தக் கோடை முழுவதும். என் வீட்டுக்காரர் திண்டுக்கல் மிஷன் பங்களாவில் சமையல் செய்கிறவர், அவர் சொல்லித்தான் கிடைத்தது. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது படித்தவள், இங்கிலீஷ் பேசினால் பாதியாவது புரியும், கைப்பிள்ளைக்காரியாக இருந்தாலும் பரவாயில்லை என்று எடுத்துக்கொண்டார்கள். துரைசாணிமார் நேற்றே குதிரை வண்டியில் ரயிலுக்குப் போயாகிவிட்டது. நான் கடைசி மூட்டையைக் கட்டிக் கொடுத்துவிட்டு இப்போது இறங்கி வருகிறேன். ரயிலடிக்கு இன்னும் எவ்வளவோ தூரம் கிடக்கிறது. மலையில் நடந்த கூத்தைச் சொல்கிறேன், கேளுங்கள். அப்போது உயிர் கையில் இல்லை. இப்போது சிரிக்கலாம்.

என் துரைசாணி பாஸ்டன் என்கிற ஊர். அங்கே அவர்களுக்கு நூல் மில் இருக்கிறதாம், நாலு குதிரை பூட்டிய வண்டி இருக்கிறதாம். உலகம் சுற்றிப் பார்க்கக் கிளம்பி, கப்பல் கப்பலாக ஏறி இறங்கி இங்கே வந்து சேர்ந்தவர்கள். துரை மதுரைக் கோபுரம் பார்க்க, தஞ்சாவூர் பார்க்க என்று சுற்றிக்கொண்டிருந்தார். அம்மாவுக்கும் எடித் பாப்பாவுக்கும் வெயில் ஆகாது என்று மலைக்கு அனுப்பிவிட்டார். டோலியில் ஏறும்போது அம்மா பாப்பாவைத் தூக்கி என் மடியில் போட்டுவிட்டு, தன் மடியில் என்ன வைத்துக்கொண்டார்கள் தெரியுமா? ஒரு வெள்ளித் தட்டு. நான்கூடச் சாப்பிடுகிற தட்டு என்று நினைத்தேன். பிள்ளையை ஆயாவிடம் கொடுக்கலாம், தட்டை யாரிடமும் கொடுக்கக் கூடாது. ஏற்றம் முழுவதும் ஒரு பக்கம் பாதாளம். டோலி ஆள் ஒருவன் கால் வழுக்கியபோது கூட அந்தக் கை தட்டைத்தான் பிடித்தது.

அது அட்டை வைக்கிற தட்டு அக்கா. அவர்கள் ஊரில் பெரிய வீட்டுப் பெண்கள் ஒருத்தி வீட்டுக்கு இன்னொருத்தி சும்மா போய்விட முடியாது. சின்னதாக ஒரு அட்டை, பேர் மட்டும் அச்சடித்தது. அதைக் கதவடியில் இருக்கிற தட்டில் வைக்க வேண்டும். பார்க்க மனமிருந்தால் உள்ளே கூப்பிடுவார்கள். இல்லையென்றால் 'அம்மா வீட்டில் இல்லை' என்று வேலைக்காரி சொல்ல வேண்டும். உள்ளேயிருந்து இருமல் கேட்டாலும் வீட்டில் இல்லைதான்! உள்ளே போனால் தொப்பியைக் கழற்றக் கூடாது. கால் மணிக்கு மேல் உட்காரக் கூடாது. வந்த அட்டைக்குப் பதில் அட்டை போக வேண்டும். போகாவிட்டால் அந்த உறவு அதோடு சரி.

இத்தனை சட்டம் நமக்கு உண்டா, சொல்லுங்கள். நமக்கு யார் வீட்டுக் கதவு அடைத்திருக்கிறது?

ஏரிக்கு இந்தக் கரையில் எங்கள் பங்களா. அந்தக் கரையில் மதராஸ் அம்மாவின் பங்களா. அவர்களும் அமெரிக்கா, அதே பாஸ்டன்தான். ஒரு காலத்தில் கப்பலில் பனிக்கட்டி கொண்டுவந்து மதராஸில் விற்ற குடும்பம், இப்போது தோல் வியாபாரம். அவர்களைப் பெற்ற தாயும் எங்கள் அம்மாவைப் பெற்ற தாயும் ஒரே கோயிலில் அடுத்தடுத்த பெஞ்சில் உட்கார்ந்தவர்களாம். 'அவள் முதல் நாளே வந்துவிடுவாள்' என்று எங்கள் அம்மா தட்டைத் தேய்த்துத் தேய்த்துக் கதவடியில் வைத்தார்கள்.

வரவில்லை.

மறுநாளும் வரவில்லை. மிஷன் அம்மாமார் வந்தார்கள், நல்லவர்கள், கையில் ரொட்டி வேறு கொண்டுவந்தார்கள். அவர்களை எங்கள் அம்மா கணக்கிலேயே சேர்க்கவில்லை. அவர்களில் ஒருவர் மெதுவாகச் சொன்னார்: "இந்த நாட்டில் வெள்ளைக்காரர்களுக்குள் வழக்கம் வேறு. புதிதாக வந்தவர்தான் முதலில் போக வேண்டும்."

அம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "அது இங்கிலீஷ்காரர் வழக்கம். நம் ஊரில், முன்பே இருக்கிறவள்தான் புதிதாக வந்தவளைப் பார்க்க வர வேண்டும். அவள் எங்கே பிறந்தவள்?" என்றார்கள். மிஷன் அம்மா இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "அந்த வீட்டுப் பேச்சே வேண்டாம்" என்று வாயை அடைத்துவிட்டார்கள்.

அன்றிலிருந்து பிடித்தது சனி. பகல் மூன்று மணி ஆனால் அம்மா பட்டு உடுத்தி முன் அறையில் வந்து உட்கார்ந்துவிடுவார்கள், முதுகு நாற்காலியில் படாமல். ஐந்து மணி வரை அசைய மாட்டார்கள். வீட்டில் ஒரு சத்தம் கேட்கக் கூடாது. எடித் பாப்பா பொம்மையைக் கீழே போட்டால் அடி. அந்த வீட்டுச் சமையல்காரர் பாத்திரத்தை விரலால் தொட்டுத் தொட்டு வைப்பார். என்னைக் கூப்பிட்டு, "உன் பிள்ளை அழுகிற சத்தம் முன் அறைக்கு ஒரு நாள் கேட்டால், அன்றே நீ கீழே இறங்கிவிட வேண்டும்" என்று சொல்லிவிட்டார்கள்.

இவனிடம் போய்ச் சொல்ல முடியுமா, மூன்று மணிக்கு அழாதேடா என்று? அப்போது பல் முளைக்கிற நேரம் வேறு. மூன்று மணிக்கு முன்னால் வயிறு நிறையப் பால் கொடுத்து, கம்பளியில் சுற்றி, பின்கட்டுத் தாழ்வாரத்தின் கடைசி மூலையில் போட்டுக்கொண்டு உட்காருவேன். அவன் உதடு கோணினால் தோளில் போட்டுத் தட்டுவேன். என் வீட்டுக்காரர் அந்தச் சம்பளத்தை நம்பித்தான் ஒரு கறவை மாட்டுக்குப் பேசி வைத்திருந்தார். விரலைக் கொடுப்பேன், தலைப்பைக் கொடுப்பேன், ஒரு நாள் என் காதுத் தோட்டையே கழற்றிக் கொடுத்தேன், கடிக்க. சிரிக்கிறீர்கள்! அப்போது அழுகை வந்தது அக்கா.

காலையில் ஏரிக்கரையில் நடக்க விடுவார்கள். அந்த வீட்டு ஆயா கங்கம்மா ஒரு வெள்ளை நாயைப் பிடித்துக்கொண்டு வருவாள். மதராஸ்காரி, வாய் என்றால் வாய்.

"என்னடி எப்சி, உங்கம்மாவுக்குக் கால்ல என்ன, ஆணியா?"

"உங்கம்மாவுக்குத்தான் ஊரெல்லாம் சுத்த டோலி இருக்கே, இந்தப் பக்கம் திரும்பாதாக்கும்?"

"எங்கம்மா இருபது வருசமா இந்த நாட்டுல குப்பை கொட்டுறாங்க. நேத்து வந்தவங்க வரட்டும் முதல்ல."

"வந்தவங்க வீட்டைத் தேடி வர்றதுதான் மரியாதை."

"எந்த ஊர் மரியாதை?"

இப்படி நாங்களே ரெண்டு துரைசாணிமாராகச் சண்டை போடுவோம். ஒரு நாள் நான் கேலியாக, "ஆயான்னா இடுப்புல பிள்ளை இருக்கணும், உனக்கென்ன நாய்க்குட்டியா கிடைச்சுது?" என்றேன். எதற்கும் பதில் வைத்திருக்கிறவள் அன்றைக்கு நாயை இழுத்துக்கொண்டு போய்விட்டாள். எனக்கு ஒரே சந்தோஷம், ஜெயித்துவிட்டேன் என்று.

வீம்பு அக்கா, வேறென்ன. பணம் இருந்தால் வீம்பும் சேர்ந்தே வரும் போலிருக்கிறது.

லேயாளா? அவள் கதை வேறு. அவளுக்கு என்ன பணம், அவள் வீட்டுக்காரர் தறி போடுகிறவர். கேட்டீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன். இவன் பிறந்தபோது அவள் நிறைமாதம், வர முடியவில்லை. சரி. மார்கழியில் அவளுக்குப் பெண் பிறந்தது. நான் பச்சை உடம்புக்காரி, போக முடியவில்லை. அதுவும் சரி. மாசியில் அந்தக் குழந்தை காய்ச்சலில் போய்விட்டது. இதை எனக்கு யார் சொன்னது? உபதேசியார் சம்சாரம், அதுவும் அடக்கம் முடிந்து மூன்றாம் நாள், கோயில் வாசலில் வைத்து. பெரியகுளத்துக்கு ஆள் போயிருக்கிறது, நிலக்கோட்டைக்கு ஆள் போயிருக்கிறது, கூடப்பிறந்த எனக்கு ஆள் வரவில்லை! கேட்டால், "கைப்பிள்ளைக்காரி, திடீர்னு கேட்டா பால் முறிஞ்சு போகும், எப்சிகிட்ட சொல்லாதீங்க" என்று லேயாளே தடுத்துவிட்டாளாம். சாக்கைப் பாருங்கள்! சொல்லி அனுப்பாத வீட்டுக்கு நான் எப்படிப் போவேன்? போனாலும் இவனைத் தூக்கிக்கொண்டா போக முடியும், பிள்ளையைப் பறிகொடுத்தவள் முன்னால்? அவள் வரட்டும். அவள்தானே மூத்தவள். சாலையில் இது எந்த இடம்? வத்தலக்குண்டுப் புளியமரம் இன்னும் வரவில்லையே? சும்மாதான் கேட்டேன்.

மலைக்கு வருவோம். மழை பிடித்துக்கொண்ட ஒரு நாள். மூன்று மணி தாண்டிவிட்டது. வெளியே டோலிக்காரர்கள் சத்தம். எட்டிப் பார்த்தால் மதராஸ் அம்மாவின் டோலி, மழைக்கு நாலு பக்கமும் திரை இறக்கி, எங்கள் வாசலை நோக்கி வருகிறது. அம்மா எழுந்து நின்றுவிட்டார்கள். கையால் தலைமுடியைத் தடவிக்கொண்டார்கள். சமையல்காரர் அடுப்பை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தார். டோலி வாசல் கல் வரைக்கும் வந்துவிட்டது.

அப்போது கத்தினான் பாருங்கள் இந்தப் பயல்! பல்லோ வயிறோ, வீடே அதிர்கிற மாதிரி. நான் வாயில் தலைப்பை வைப்பதற்குள் டோலி நிற்காமல் வாசலைத் தாண்டிப் போய்விட்டது. எங்கே போய்க்கொண்டிருந்ததோ, நிற்கவே வந்ததோ இல்லையோ, யாருக்குத் தெரியும்? அம்மா பின்கட்டுக்கு வந்தார்கள். கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. மெதுவாகச் சொன்னார்கள்: "நாளை மறுநாள் காலை டோலி ஆட்கள் கீழே போகிறார்கள். அவர்களோடு நீ போ."

எடித் பாப்பா என் சேலையைப் பிடித்துக்கொண்டு அழுதது. நான் அழவில்லை. அழுதால் மாடு வந்துவிடுமா? யோசித்தேன். என்ன வேண்டும் இந்த அம்மாவுக்கு? அந்த அம்மா வர வேண்டும். அந்த அம்மாவுக்கு என்ன வேண்டும்? இந்த அட்டை போக வேண்டும். இரண்டு பேர் விரலும் தொடாமல் அட்டை போய்விட்டால்?

மறுநாள் காலை மேசையைத் துடைக்கும்போது அட்டைப் பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டேன். ஆள் கையில் கொடுத்தனுப்பாமல் நாமே கொண்டுபோனோம் என்று காட்ட அவர்கள் அட்டையில் ஒரு மூலையை மடிப்பார்கள். மிஷன் அம்மாமார் வைத்த அட்டைகளில் பார்த்திருக்கிறேன். எந்த மூலை என்று மட்டும் ஞாபகம் இல்லை. மூலைக்கு என்ன, கல்யாண ஓலையில் நாலு மூலையிலும்தான் மஞ்சள் தடவுகிறோம். வலது கைப்பக்கம், கீழ் மூலையை அழுத்தி மடித்துக் கங்கம்மாவிடம் கொடுத்தேன்.

"உங்கம்மா தட்டுல வச்சிரு. எங்கம்மா வந்து வச்சிட்டுப் போனாங்கன்னு சொல்லு."

"வந்தாங்களா?"

"வந்த மாதிரிதான்."

அவள் மடிப்பைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "நீ மடிச்சியா, அவங்க மடிச்சாங்களா?" என்றாள். "அவங்கதான்" என்றேன். அட்டையை மடியில் செருகி, கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள். ஏரிக் காற்று என்று நினைத்தேன்.

அன்று மூன்று மணிக்கு நான் மூட்டை கட்டிக்கொண்டிருந்தேன். துடுப்புச் சத்தம் கேட்டது. மதராஸ் அம்மா டோலியில் வரவில்லை, ஏரியைக் குறுக்கே கடந்து படகில் வந்துவிட்டார்கள். தலையிலிருந்து கால் வரை கறுப்பு. தூரத்திலிருந்து பார்த்தபோதெல்லாம் அதைப் பணக்காரத்தனம் என்றே நினைத்திருந்தேன். முகத்தில் கறுப்பு வலை. கையில் அந்த அட்டை.

திரைக்குப் பின்னால் நான்.  இப்போது எங்கள் அம்மா 'நான் அட்டை வைக்கவே இல்லையே' என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. வேலை போவது இருக்கட்டும், திருடி என்று பேரும் சேர்ந்து போகும்.

எங்கள் அம்மா எழுந்து கையை நீட்டினார்கள். மதராஸ் அம்மா கையைப் பிடிக்கவில்லை. வலையைத் தூக்கிவிட்டு, நேரே போய் அவர்களைக் கட்டிக்கொண்டார்கள். கட்டிக்கொண்டு அழுதார்கள் அக்கா, நம் ஆட்கள் மாதிரியே, தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு. பட்டுக் கவுனா, தொப்பியா, ஒன்றும் ஞாபகம் இல்லை அவர்களுக்கு.

"என் ஹென்றி போய் ஒன்பது மாதம். நம் ஊர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை எனக்கு. நீ கர்வக்காரி என்று நினைத்துவிட்டேன். நீ இந்த மூலையை மடித்திருக்கிறாய்" என்றார்கள்.

எங்கள் அம்மா அவர்கள் தோளுக்கு மேலாக அந்த அட்டையைப் பார்த்தார்கள். பிறகு திரையைப் பார்த்தார்கள். திரைக்குக் கீழே என் கால் தெரிந்திருக்க வேண்டும். நான் காலைப் பின்னால் இழுத்துக்கொண்டேன்.  

"நானே வந்திருக்க வேண்டும்," என்றார்கள் அம்மா. "முதல் நாளே வந்திருக்க வேண்டும். மன்னித்துவிடு."

 அன்று கால் மணி கணக்கெல்லாம் போயிற்று, விளக்கேற்றுகிற வரை உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இவன் விழித்துக்கொண்டு ஒரு பாட்டம் அழுதான். நான் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்கு ஓடப் போனேன். "யார் பிள்ளை அது? இங்கே கொண்டு வா" என்று மதராஸ் அம்மா குரல். எங்கள் அம்மா தலையை அசைத்தார்கள். கொண்டுபோய் நின்றேன். வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்கள், அந்தக் கறுப்புப் பட்டின் மேல். நான் பயந்த மாதிரியே நனைத்துவிட்டான். "அம்மா, கொடுங்கள்" என்றேன். கொடுக்கவில்லை. தலையை மோந்து பார்த்துக்கொண்டே இருந்தார்கள். இவனும் அவர்கள் மணிமாலையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

கங்கம்மாதான் பிறகு சொன்னாள். ஹென்றி மதராஸ் அம்மாவின் மகன், கங்கம்மா வளர்த்த பையன், ஆறு வயது. மழைக்காலத்தில் மதராஸில் காய்ச்சல் கண்டு இறந்துபோனானாம். அவன் பேச்சை எடுக்கக் கூடாது என்று அந்த வீட்டில் கட்டளை. அவனுடைய நாய்தான் அது. அட்டையின் அந்த மூலையை மடித்தால் துக்கம் கேட்க வந்தேன் என்று அர்த்தமாம். மற்ற மூலைகளுக்கு வேறு வேறு அர்த்தம். நான் கண்டேனா! கண்ணை மூடிக்கொண்டு மடித்தது சரியாக அதில் விழுந்திருக்கிறது. எங்கள் அம்மா என்னைக் கூப்பிட்டு, "அந்தப் பெட்டியை இனி நீ தொடக் கூடாது" என்றார்கள். சற்றுப் பொறுத்து, "பிள்ளை அழுதால் அழட்டும்" என்றார்கள். மூட்டையை அவிழ்த்தேன். மாடும் வந்துவிட்டது, வெள்ளை மாடு, வீட்டுக்காரர் கொட்டில் போட்டுக்கொண்டிருக்கிறார்.

இதற்குத்தான் அக்கா சிரிக்க வேண்டும் என்கிறேன். ஏரிக்கு இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி, 'அவள் வரட்டும், அவள் வரட்டும்' என்று ஒரு கோடையே போயிற்று! ஒருத்தி உள்ளே வெந்துகொண்டிருப்பது இன்னொருத்திக்குத் தெரியவில்லை. படகு ஏறினால் வெற்றிலை போட்டு முடிக்கிற நேரம்தான். படித்த பெண்கள், உலகம் சுற்றுகிற பெண்கள்...

என்ன, நீங்கள் சிரிக்கவில்லையே?

எதற்கு அப்படிப் பார்க்கிறீர்கள்? அது வேறு, இது வேறு. எங்களுக்குள் அட்டையா தட்டா? எனக்கு அவள் ஆள் அனுப்பவில்லை, அவ்வளவுதான். என் பால் முறியும் என்று... தன் பால் கட்டிக்கொண்டு கிடக்கிற நேரத்தில் என் பாலைப் பற்றி என்ன நினைப்பு அவளுக்கு?

வண்டி ஏன் நிற்கிறது? ஓ. புளியமரம்.

அந்தச் சந்துதான். தறிச் சத்தம் கேட்கிறதே, மூன்றாவது வீடு. கதவு திறந்துதான் இருக்கிறது. யாரோ வாசலில் பாவு நூலை நனைக்கிறார்கள்... அவளில்லை. அவள் இவ்வளவு மெலிவாக இருக்க மாட்டாள்.

அவள்தான்.

அக்கா, இவனைக் கொஞ்சம் பிடியுங்கள். கால் மரத்துவிட்டது, சற்று நடந்துவிட்டு வருகிறேன். மாடு தண்ணீர் குடிக்கிற நேரம்தான். அந்தப் பேரிக்காய்க் கூடையை இப்படி நகர்த்துங்கள். வண்டிக்காரரே, அந்த நீல மூட்டையையும் இறக்கிவிடுங்கள். ஆமாம், இங்கேதான். ரயிலடியில் என் வீட்டுக்காரர் நிற்பார், சமையல் ஆசீர்வாதம் என்று கேட்டால் யாரும் காட்டுவார்கள். நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள்.

வண்டி கிளம்புகிற வரை பிள்ளை உங்களிடமே இருக்கட்டும், அவள் முன்னால் வேண்டாம்...

இல்லை. கொடுங்கள் அக்கா. தூக்கிக்கொண்டே போகிறேன்.